தார்ப்பாய் மூடிய அடிக்கட்டை

ஜனவரி 6

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்களும் திருப்பிக் கேட்பீர்கள், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் போன் செய்தபோதெல்லாம் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. போனில் உங்கள் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கிறது. அண்ணன் தம்பி என்றால் அப்படித்தான் இருக்கும், அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். எழுதினால் எனக்கு அழுகை வருவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கிறது. அதற்கு நடுவில் அழ எங்கே நேரம்?

நேற்று வக்கீல் வந்தான். உங்கள் அண்ணன்கூட மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தவன்தான். எதைச் சொன்னாலும் மறுத்து வாதாடுவான் என்று உங்கள் அண்ணன் வைத்த பேர், அவன் அம்மாவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்க கொழுந்தன் பேசினாருக்கா. மனையில மறுபடி வேலையை ஆரம்பின்னாரு. அக்காவை ஒரு வார்த்தை கேக்காம ரம்பத்தைத் தொட மாட்டேன்னுட்டேன்" என்றான். கேட்டதற்கு அவனுக்கு நன்றி சொன்னேன். நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் சொல்லியிருப்பேன்.

வேலை ஆரம்பிக்கட்டும். உங்கள் இடம், நீங்கள் வீடு கட்ட வேண்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் போய் நாலு மாதம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் சுத்தம் செய்து வைத்திருந்த பாதியில் முள் மறுபடி இடுப்புயரம் வந்துவிட்டது. நாம் துக்கம் காக்கிறோம் என்று முள்ளுக்குத் தெரியுமா? மீதிப் பாதிக்குள் இன்னும் ஆள் நுழையவே முடியாது. இன்னும் தள்ளிப்போட்டால் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

நான் தினமும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்து இரண்டு தெரு. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது பரவாயில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரைச் சாய்த்த மரத்தின் அடிக்கட்டையை முதலில் தோண்டி எடுத்துவிட வேண்டும். முள்ளுக்கு முன்னால், மற்ற மரங்களுக்கு முன்னால், அதுதான் முதல் வேலை. மண் தோண்டுகிற மிஷின்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் ஓனர் சொல்லட்டும் என்பார்.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 19

அண்ணிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். உள்ளே பிரித்தால் 'நீங்கள், உங்கள்' என்று இருக்கிறது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சட்டைப் பொத்தானை என் உடம்பிலேயே வைத்துத் தைத்து, "அசையாதடா, குத்திடுவேன்" என்று மிரட்டியவர் நீங்கள். இப்போது மரியாதை கொடுக்கிறீர்கள். சரி.

கேட்காமல் வக்கீலிடம் சொன்னது தப்புதான். நீங்கள் போனை எடுத்திருந்தால் கேட்டிருப்பேன். அவசரம் ஏனென்றால், ஜூன் மாதத்துக்குள் அஸ்திவாரம் போடாவிட்டால் கட்டட அனுமதி காலாவதி ஆகிவிடும். லிஃப்ட் கூண்டுகளுக்கு மேல் நின்று கிரீஸ் தடவிச் சம்பாதித்த இடம் அண்ணி அது. விட முடியாது.

மற்ற எல்லாம் நீங்கள் சொல்கிறபடி நடக்கட்டும். அடிக்கட்டையை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். எடுக்க மாட்டேன். இன்ஜினியரிடம் சொல்லி வீட்டின் வரைபடத்தையே மாற்றிவிட்டேன். நடுவில் ஒரு திறந்த முற்றம், முற்றத்தின் நடுவில் அந்த அடிக்கட்டை. மேலே இழைத்துப் பாலிஷ் போட்டு அப்படியே வைக்கப்போகிறேன். என் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து வளரட்டும். அண்ணன் கடைசியாகக் கை வைத்தது அது.

இந்த இடத்தை வாங்கியபோது அண்ணனிடம் நான் கேட்டது உங்களுக்கும் தெரியும். 'வெளியாள் கை படவேண்டாம். நீயும் அண்ணியும் மட்டும் சுத்தம் செய்து கொடுங்கள், நம் சொந்தக் கை பட்ட இடத்தில் வீடு எழும்பட்டும்' என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றான். அந்தக் கையின் அடையாளத்தை மிஷின் வைத்துப் பிடுங்கி எறியச் சொல்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்ய. சாவு வீட்டில் எங்கள் அக்கா, "கயித்தை விட்டுட்டா, என் தம்பியை விட்டுட்டா" என்று அழுததை எல்லோரும் கேட்டோம். மரம் நேராக விழுவதற்காகத் தலையில் கட்டிய கயிறு உங்கள் கையில்தான் இருந்தது. ஓடி வந்தவர்கள் அது தரையில் தொய்ந்து கிடந்ததாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு இரண்டு வருஷம் கயிறு பிடித்தவன் நான், கயிறு தொய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சொல்லிக்கொள்ளாமல் வேலை பார்க்கிற ஊருக்குக் கிளம்பியது என் தப்பு. பேசாமல் இருந்தது உங்கள் தப்பு.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

வேலை விவரம் முதலில்.

வக்கீலோடு நாலு பேர் வருகிறார்கள். முள்ளை வெட்டி ஒதுக்கியாகிவிட்டது. எரிக்கக் கூடாது என்று பக்கத்துக் குடியிருப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், துணி காயப்போடுகிறார்களாம். அதனால் லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். கொடிகளை அடியில் அறுத்துவிட்டிருக்கிறோம். காய்ந்த பிறகுதான் இழுக்க முடியும். பச்சையாக இழுத்தால் மரத்தின் கிளையும் சேர்ந்து தலையில் வந்து விழும்.

உள்ளே என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? சக்கரம் இல்லாத சைக்கிள், பாதிச் சுவர், ஒரு கட்டில் சட்டம். நட்ட நடுக்காட்டில் ஒரு கக்கூஸ் பீங்கான் உடையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒட்டடை என்று ஒரு உயரமான பையன் வருகிறான், அவன் போய் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கதவைச் சாத்துங்கப்பா, மனுசனுக்கு மரியாதை வேணாமா?" என்றான். வக்கீல் உடனே, "ஓனர் இன்னும் ஒரு தடவைகூட உக்காரலை. புதுமனை புகுறதுக்கு முன்னாடி நீ உக்காந்ததுக்கு அவருக்கு என்னடா பதில் சொல்வே?" என்று சண்டைக்குப் போனான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். அப்புறம் யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

குளவிக்கூடு ஒன்று இருந்தது. ஒருவனுக்கு உதடு வீங்கிவிட்டது. இரண்டு நாள் பேசாமல் வேலை செய்தான், நன்றாக இருந்தது என்கிறார்கள்.

இனி அடிக்கட்டை. அதை வைத்துக்கொண்டு வீடு கட்டக் கூடாது. அடிக்கட்டை இருந்தால் கரையான் வரும். கரையான் வந்தால் நிலை, கதவு, அலமாரி ஒன்றும் மிஞ்சாது. வேர் தொடைப் பருமன், அஸ்திவாரத்துக்கு அடியில் ஓடுகிறது, உளுத்துப் போனால் தரை இறங்கும். அப்புறம் அது துளிர்க்கும். வெட்டி வெட்டி மாளாது. இழைத்துப் பாலிஷ் போடுவதெல்லாம் செத்த மரத்துக்கு. இது சாகவில்லை.

இன்ஜினியருக்கு வரையத் தெரியும். முற்றத்தை அழித்துவிட்டு அங்கே ஒரு அறை போடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

கயிற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். அவர்களும் தம்பியைப் பறிகொடுத்தவர்கள்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

ஒரு விஷயத்துக்கு மூன்று காரணம் சொல்கிறவனை நம்பாதே, நிஜக் காரணம் நாலாவதாக உள்ளே இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகாத அன்று நான் மூன்று காரணம் சொல்லி மாட்டிக்கொண்டேன், நினைவிருக்கிறதா?

கரையானுக்கு மருந்து இருக்கிறது. வேருக்கு இன்ஜினியர் வழி சொல்லிவிட்டார். துளிர்த்தால் துளிர்க்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான்.

அடிக்கட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று வக்கீலிடம் கேட்டேன். அனுப்பினான். நீலத் தார்ப்பாய் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்து, கயிறு சுற்றிக் கட்டியிருக்கிறது. கீழே, 'அண்ணே, அடிக்கட்டை உள்ளே இருக்கு' என்று எழுதியிருந்தான். முதலில் சிரித்தேன். தார்ப்பாயை எடுத்துவிட்டு எடுடா என்றதற்கு, 'அக்கா சொன்னா எடுப்பேன்' என்கிறான். எதற்கும் வாதாடுகிறவன் இதற்கு மட்டும் வாதாடவே மாட்டேன் என்கிறான். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

மிஷின்காரரிடம் நேராகப் பேசிவிட்டேன். அவர் வேறு ஊர் ஆள், அவருக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. தார்ப்பாய் மூடிய கட்டையைத் தொட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை என்று மட்டும் சொன்னேன். ஏப்ரலில் லீவு கிடைத்திருக்கிறது. வந்து நானே என் கையால் தார்ப்பாயைப் பிரிப்பேன்.

எதை மூடி வைத்திருக்கிறீர்கள் அண்ணி? கயிறு மரத்தை இழுத்த தடம் ஏதாவது அதில் இருக்கிறதா? நேராகவே கேட்கிறேன். கயிற்றை விட்டீர்களா? ஆமாம் என்றால் ஆமாம் என்று ஒரே வரி எழுதுங்கள். கை நழுவுவது யாருக்கும் நடக்கும். சத்தியமாக மன்னித்துவிடுவேன். நீங்கள் பேசாமல் இருப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பி


பிப்ரவரி 26

மன்னிப்பாயாம். யாரை யாரடா மன்னிப்பது?

இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். படித்ததும் கிழித்துப் போடு. உன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதே.

உனக்குத் தெரிந்த தொழில்தான், இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஒரு வாய் வெட்டுவோம். அப்புறம் பின்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவோம். வாய் வரைக்கும் அறுத்துவிடக் கூடாது. நடுவில் மூன்று விரல் அளவுக்குக் கட்டை விட வேண்டும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே அளவாக. கதவுக்குக் கீல் மாதிரி, மரம் அதில்தான் மடங்கி நேராக விழும். ஒரு பக்கம் கீல் அறுந்து போனால், மறுபக்கம் மிச்சம் இருக்கிற கட்டை மரத்தைத் தன் பக்கம் திருகி இழுக்கும். வெட்டுகிறவன் நிற்கிற பக்கத்துக்கே இழுக்கும்.

உன் அண்ணன் எத்தனை வருஷம் வெட்டினார். ஒரு தடவை பிசகியது கிடையாது. எதிரே முளை அடித்துவிட்டு, மரத்தை அதன் தலையிலேயே விழ வைத்து முளையை மண்ணுக்குள் இறக்குவார். நூல் பிடித்த மாதிரி விழும் என்றுதான் 'நூல்' என்று பேரே வந்தது. 'நூலைக் கூப்பிடு' என்றுதான் தேடி வருவார்கள். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிற மரம் என்றால் அவரைத் தவிர யாரையும் விட மாட்டார்கள்.

அவருக்கு இரண்டு வருஷமாக ஒரு கண் தெரியாது.

முதலில் தம்ளருக்கு வெளியே டீயை ஊற்றினார். நான் திட்டினேன். இன்னொரு நாள் படியில் கால் வைக்கத் தடவினார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணில் பால் மாதிரி படிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் பார்வை பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வெளியே வந்ததும், "கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்தா ஊருக்கே தெரிஞ்சிரும்டீ. கண்ணு போன நூலுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

அன்றிலிருந்து நான் அவர்கூட வேலைக்குப் போனேன். சோறு கொண்டுவருகிற சாக்கில் போனேன், அப்புறம் கூலியாளாகவே போனேன். ரம்பத்தின் நுனி மரத்தின் அந்தப் பக்கம் எங்கே வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. நான் அங்கே எட்டி நின்று பார்ப்பேன். மூன்று விரல் மிச்சம் இருக்கும்போது கையை ஆட்டி "போதும்" என்பேன். நிறுத்துவார். வக்கீல் கிண்டல் செய்வான். "வீட்டுலயும் இப்படித்தான் போதும் போதும்பாங்களா நூலு?" என்பான். அவர், "கல்யாணம் பண்ணிப் பாரு, தெரியும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன் மனையில் நாங்கள் இரண்டு பேர்தான். சின்ன மரங்களுக்குக் கயிறு தேவைப்படவில்லை, நான் அந்தப் பக்கம் நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. இந்த மரம் பெரிது. பக்கத்துக் குடியிருப்பின் மேல் சாய்ந்து நின்றது. கயிறு கட்டாமல் வெட்ட முடியாது. கயிற்றுக்கு ஒரு ஆள் வேண்டும். வக்கீலைக் கூப்பிடுவோம் என்று சொன்னேன். "தம்பி ஆசைப்பட்டுட்டான்டீ. சொந்தக் கைதான் படணும்னு. இந்த ஒரு மரந்தானே, பழகின கை, தடவிப் பாத்தே அறுத்துருவேன்" என்றார். எதிரே முளைகூட அடித்தார். அந்த நேரத்திலும் அவருக்கு முளை அடிக்க வேண்டும்.

உன் ஆசைக்கு ஒரு தடவை ஆடியாயிற்று. இப்போது முற்றம், பாலிஷ் என்று இன்னொரு ஆசை.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் இன்னும் பெரிதாகத் தெரியும். இருக்கட்டும். உன்மேல் பழி போட எழுதவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்லி ஆளைக் கூப்பிட அவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

நான் கயிற்றை வேறொரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றேன். ரம்பச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வெட்டிக்கொண்டே இருந்தவர் ஒரு தடவை தலையைத் திருப்பி, நான் வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. திரும்பிக்கொண்டு மறுபடி அறுத்தார். நான் அங்கிருந்து "போதும்" என்று கத்தினேன். போதுமா போதாதா என்று எனக்கே தெரியாது. சும்மா கத்தினேன்.

மரம் அவர் பக்கம் திரும்பியது.

கயிறு இழுத்த இழுப்பில் விறைப்பாகத்தான் இருந்தது. கயிறு மரத்தின் தலையைத்தான் பிடிக்கும், அடி கழன்றால் கயிறு என்ன செய்யும்? மரம் தரையில் விழுந்த பிறகுதான் விட்டேன். விடாமல் எப்படி அவரிடம் ஓடுவது? ஓடி வந்தவர்கள் பார்த்த தொய்ந்த கயிறு அதுதான்.

அடிக்கட்டையைப் பார். ஒரு பக்கம் கிழிந்த நார் தென்னந்துடைப்பம் மாதிரி நிற்கிறது. மறுபக்கம் தட்டு மாதிரி வழவழ என்று இருக்கிறது. தொழில் தெரிந்த எவன் பார்த்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான், வெட்டினவன் கீலை அறுத்துவிட்டான் என்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது. உன் அண்ணன் எத்தனை பையன்களின் காதை அதற்காகத் திருகியிருக்கிறார், உன் காதையும் திருகியிருக்கிறார்.

தார்ப்பாயை நான் போடவில்லை. அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு நான் திரும்பி வந்தபோது போட்டிருந்தது. வக்கீல் போட்டிருக்கிறான். இன்றுவரைக்கும் அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

உங்கள் அக்கா அழுதபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். திறந்து என்ன சொல்ல? நான் விடவில்லை, உங்கள் தம்பி தப்பாக வெட்டினார் என்றா? அவரை நடுவில் கிடத்திவைத்துக்கொண்டு, அவர்கூட வேலை செய்த அத்தனை பேர் கேட்கும்படியா? எனக்கு என்ன பேர் இருந்தது கெட்டுப்போக. அவருக்கு ஒரு பேர் இருந்தது.

நீ என்ன செய்யப் போகிறாய் தெரியுமா? அவர் ஆயுசில் செய்த ஒரே ஒரு தப்பை வீட்டு நடுவில் வைத்து, வருகிறவன் போகிறவனெல்லாம் உட்கார்ந்து பார்க்கும்படி பாலிஷ் போடப்போகிறாய்.

இனி உன் இஷ்டம். உன் இடம்.

அண்ணி


மார்ச் 10

அண்ணி,

மிஷின்காரரிடம் பேசிவிட்டேன். எடுக்கட்டும். வேரோடு எடுக்கட்டும்.

கடிதம் வேலை இடத்துக்குத்தான் வந்தது. மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து படித்தேன். கீழே இருந்து, 'லிஃப்ட் ஏன் நிற்கிறது' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்து போகவில்லை. அப்புறம் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் அண்ணன், "வெளிச்சத்துக்கு வாடா, கறுப்பாத் தெரியுறே" என்பான். "ஊர் வெயில் போயி அந்த ஊர் வெயில் ஒட்டிக்கிச்சா?" என்று கேலி செய்வான். நானும் அவனைத் திருப்பிக் கேலி செய்வேன்.

நீங்கள் அடிக்காமல் விட்ட வரி சரிதான். சொந்தக் கை என்று சொன்னது நான். அவன் சரி என்று சொன்னபோது நீங்கள் அவன் பின்னால் நின்று என்னமோ கையை ஆட்டினீர்கள். டாட்டா காட்டுகிறீர்கள் என்று நினைத்து நானும் ஆட்டினேன்.

அக்காவிடம் என்ன சொல்லட்டும்? உங்கள் பேர் இப்படிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் பேரும் கெட வேண்டாம். திடீரென்று காற்று அடித்தது, மரம் திரும்பிவிட்டது, யாருடைய தப்பும் இல்லை என்று சொல்லிவிடவா? நான் சொன்னால் நம்புவாள். நீங்கள் ஒரு வார்த்தை சரி என்றால் போதும், இன்றைக்கே போன் செய்கிறேன்.

முற்றம் இல்லை. இன்ஜினியரிடம் சொல்லி அந்த இடத்தில் சமையலறையைப் போடச் சொல்லிவிட்டேன்.

மன்னிப்பதாக எழுதினேனே, அதைக் கிழிக்க என்னிடம் அந்தக் காகிதம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

காற்று வேண்டாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை, புழுக்கம் தாங்காமல் பக்கத்துக் குடியிருப்பில் எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் அக்கா நாலு பேரை விசாரித்தால் நீ மாட்டிக்கொள்வாய், அப்புறம் எதை மறைக்கிறார்கள் என்று துருவ ஆரம்பிப்பாள். ஒன்றும் சொல்லாதே. சும்மா இரு.

அடிக்கட்டையை எடுத்தாகிவிட்டது.

சுலபத்தில் வரவில்லை. மிஷினால் சுற்றிலும் பள்ளம் பறித்து, வேர்களை ஒவ்வொன்றாக அறுத்து, அடியில் அதன் இரும்பு வாளியைக் கொடுத்து நெம்பினால் மிஷினின் பின்பக்கம் தூக்குகிறது, கட்டை அசையவில்லை. இதற்கு நடுவில் தார்ப்பாய் மிஷினில் சிக்கிக் கிழிந்துவிட்டது. மிஷின்காரர் இறங்கி வந்து, குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "யாருங்க இந்த மரத்தை வெட்டினது? கீலை அறுத்து வெச்சிருக்கான். கத்துக்குட்டி!" என்றார்.

வக்கீல் பக்கத்தில்தான் இருந்தான். ஒட்டடையும் மற்றவர்களும் இருந்தார்கள். எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிற வக்கீல் குனிந்து அறுந்த வேர்களைப் பொறுக்க ஆரம்பித்தான். ஒட்டடை கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். எல்லோருக்கும் கண் இருக்கிறது.

"நாந்தாங்க வெட்டினேன்" என்றேன்.

மிஷின்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்? ஆளைக் கொல்லற வெட்டும்மா இது. யாருக்கும் ஒண்ணும் ஆகாமத் தப்பிச்சீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் ஏறி மறுபடி மிஷினைக் கிளப்பினார். அடுத்த நெம்பலில் வந்துவிட்டது. லாரியில் குப்புறப் போட்டு ஏற்றச் சொன்னேன். செங்கல் சூளைக்குப் போயிற்று. குழி என் உயரத்துக்கு மேல் இருக்கிறது, மண் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக இறுகிய பிறகு சமையலறைக்கு அஸ்திவாரம் எடுக்கலாம் என்கிறார்கள், அவசரப்படுத்தாதே.

அன்றைக்கு டீ வந்தபோது எல்லோரும் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மிஷின்காரர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று வக்கீல் என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "அக்கா, திங்கக்கிழமை ஒரு மரம் வருது. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டினாப்ல நிக்குது. வெட்டறது நான். கயிறு பிடிக்க ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?" என்றான்.

மிஷின்காரர் சிரித்துவிட்டார். "இவங்களையா கூப்பிடறே? இப்பத்தானே பாத்தோம் லட்சணத்தை!"

"வெட்டறது வேற, கயிறு பிடிக்கறது வேற" என்றான் வக்கீல். "கயிறுன்னா இவங்க பிடிச்சாத்தான் நான் மரத்தடியில நிப்பேன். வேற ஆளை நம்பி நிக்க மாட்டேன்."

அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் உங்கள் அக்கா அழுததை அன்றைக்குக் காதால் கேட்டவர்கள். ஒட்டடை எழுந்து என் தம்ளரை வாங்கிப்போய் இன்னொரு டீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். நான் கேட்கவே இல்லை.

"கயிறு யாருது?" என்று வக்கீலைக் கேட்டேன். "பழசுன்னா வரமாட்டேன்."

"புதுசுக்கா. நேத்துத்தான் வாங்கினேன்."

அதனால் திங்கட்கிழமை உன் மனையில் நான் இருக்க மாட்டேன். செங்கல் வருவதாக இருந்தால் இறக்கி வைக்க வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்.

அண்ணி